பேச்சு இல்லாதவர் கையில் சாவி: முந்திரிக்காட்டில் ஒரு மழை நாள்

பொங்கல் கழிந்த வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். சித்தப்பா பேரனுக்கு. உறவுக் கல்யாணங்களுக்குப் போவதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. இதற்குப் போனதற்குக் காரணம் மாப்பிள்ளையும் அல்ல, பெண்ணும் அல்ல. பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கிழக்கே இறங்கி வீடு திரும்ப வேண்டும் என்று வெகுநாளாக ஓர் எண்ணம். பஸ் செலவில் பாதியைக் கல்யாணத்தின் கணக்கில் எழுதிவிடலாம் என்று கிளம்பினேன்.

எண்ணத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. எங்கள் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில். வீட்டுக் கிணறு கரிக்க ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஒரு பக்கம் இறால் குட்டைகள், மறுபக்கம் ஓயாமல் ஓடும் மோட்டார்கள். நல்ல தண்ணீரை நாம் மேலே இழுக்க இழுக்க, கடல் அடியில் உள்ளே வருகிறது. கடல்மட்டமும் ஏறுகிறது, மழையும் தன் மாதத்தை மறந்துவிட்டது. இதையெல்லாம் விளக்கி நான் எழுதிய மனுக்கள் எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு அடியில் கிடக்கின்றனவோ தெரியாது. இறால் குட்டைக்கு நிலம் கொடுத்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இப்போது ஊர் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். அது எங்கள் ஊரில் பெய்த மழை அல்ல. ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே உள்ள செம்மண் மேட்டில் விழுந்து, மணற்பாறைக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே சரிந்து எங்கள் அடியில் வந்து சேரும் நீர். நான் நிலவியல் பாடம் நடத்தியவன். எனக்குக் கீழே வேலை பார்த்தவரைத் துறைத்தலைவர் ஆக்கிய கல்லூரி ஒன்றில், சுவரில் மாட்டிய வரைபடத்தில் அந்தப் பட்டையைக் குச்சியால் தொட்டுக் காட்டியே காலம் போயிற்று. அந்த மண்ணைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும்.

முகூர்த்தம் காலை ஏழரைக்குள். டிபனுக்கு உட்கார்ந்தபோது அண்ணன் எனக்கு நேரெதிர் வரிசையில் இருந்தார். இரண்டாவது முறையும் கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு எதுவும் கரிக்காது. எட்டரைக்கு நான் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இருந்தேன்.

அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கரிசல் காட்டில் மக்காச்சோளம் அறுத்த தட்டைகள் நின்றன, நடுநடுவே பருத்தி. பெரம்பலூர்ப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. மழை பெய்தால் பாறை வெடிப்புகளில் கொஞ்சம் தேங்கும், அவ்வளவுதான். அரியலூரை நெருங்கினால் நிலம் மாறுகிறது. சிமெண்ட் லாரிகளும் சுண்ணாம்புத் தூசியும். பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் பாய்லரைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்சுவரெல்லாம் வெள்ளைப் படிவு. டீ நன்றாகவே இருந்தது.

இந்த மண்ணைத் தோண்டினால் கடல் சிப்பிகள் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இதுவரை வந்திருந்தது. பிறகு மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. அரியலூரில் இதற்கென ஓர் அருங்காட்சியகமே உண்டு, பிள்ளைகளோடு வருபவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து விலகிப் போன கடல் எங்கள் ஊரில் நிலத்துக்கடியில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வேறு பார்க்க வேண்டுமா என்ன?

ஜெயங்கொண்டம் வந்து சேர்ந்தபோது பதினொன்றே கால். சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் பிரமாதம். வெளியே நின்ற ஆட்டோக்காரரிடம், வரதராஜன்பேட்டைப் பக்கம் செம்மண் முந்திரிக்காடு பார்க்க வேண்டும், மழைத்தண்ணீர் பூமிக்குள் இறங்கும் இடம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அவர் பெயர் அந்தோணி, நாற்பது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி எறங்குற எடமா? எல்லாரும் ஏறுற எடம் எதுன்னுதான் சார் கேப்பாங்க. போர் போட எடம் பாக்கவா வந்துருக்கீங்க?"

"இல்லைங்க. சும்மா பார்க்க."

"சும்மாவா? ஒக்காருங்க. போவ வர, நின்னு பாக்க எல்லாம் சேத்து அறுநூறு."

ஐந்நூற்றைம்பதுக்குப் பேசி ஏறினேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும். வரதராஜன்பேட்டையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

சாலை இரண்டு பக்கமும் முந்திரி. மரங்களில் பூ நிறைந்திருந்தது. மண் செங்கல் பொடி போலச் சிவந்து கிடந்தது. இறங்கி ஒரு கை அள்ளி, பாட்டிலில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். உள்ளங்கையில் ஒரு கணம்தான் நின்றது, பிறகு இறங்கிவிட்டது. வரைபடத்தில் பார்த்த சிவப்புப் பட்டை இதுதான். அந்தோணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் காட்டிய முதல் தோட்டத்திலேயே நான் தேடிவந்த, தண்ணீர் இறங்கும் இடம் இருந்தது. வறண்டுபோன போர்வெல்லை அந்தப் பக்கம் செத்த போர் என்கிறார்கள். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அடியில் கருங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல் போட்டிருந்தார்கள். சரிவில் ஓடிவரும் மழைநீர் ஒரு சிறு வாய்க்காலில் சேர்ந்து குழிக்கு வரும். மணலில் வடிந்து, போர்க்குழாய் வழியாக ஆழத்துக்குப் போகும். வாய்க்கால் குழியைத் தொடும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு. அதை ஷட்டர் என்றார் அந்தோணி. மூடியிருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி ஓடைக்குப் போய்விடும். இதுபோன்ற குழிகளை நான் வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு மறுநாளே செத்துப் போனவை. ஆனால் ஷட்டரில் பூட்டுத் தொங்கி எங்கும் பார்த்ததில்லை.

"தண்ணிக்கா பூட்டு?" என்று கேட்டேன்.

அந்தோணி விளக்கினார். முந்திரி பூக்கும் பருவத்தில் கொசு என்று ஒரு பூச்சி விழுந்து பூவைக் கருக்கும், அதற்கு மருந்து அடிப்பார்கள். அடித்த பிறகு வரும் முதல் மழை அந்த மருந்தைக் கழுவிக்கொண்டுதான் ஓடும். அதை உள்ளே விட்டால் குடிக்கிற தண்ணீர் கெட்டது. "குழி வெட்டுன மொத வருசம் பூட்டு இல்ல சார். மழையப் பாத்ததும் ஒருத்தனுக்கும் மனசு நிக்கல, எல்லாரும் தொறந்து வுட்டாங்க. அப்பறம் போர் தண்ணி ஒரு வாடை, வாயில வைக்க முடியல. சரின்னு பூட்டுப் போட்டு, சாவிய ஆளாளுக்குச் சொந்தக்காரன்ட்ட குடுத்து வச்சோம். மச்சான் வந்து கேட்டா எப்படி சார் இல்லன்றது? குடுத்துட்டான்."

"பிறகு?"

"அப்பறம்தான் ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணோம். பக்கத்துக் கொல்லைக்காரங்கள்ள யாரோட ஒனக்குப் பேச்சு இல்லையோ, அவங்க கையில ஒன் சாவி. அவன் எளக்கம் காட்ட மாட்டான் பாருங்க."

நான் சிரிக்கவில்லை. நின்று அந்தப் பூட்டைப் பார்த்தேன். முப்பது வருடமாகப் படித்த நிலத்தடி நீர் மேலாண்மை அறிக்கைகளில் இப்படி ஓர் ஏற்பாடு எதிலும் இல்லை.

"நல்ல மழைக்கும் வேண்டுமென்றே தர மாட்டேன்னா?"

"அதுக்கும் சட்டம் இருக்கு சார். மழ பேயறப்ப சாவிக்காரன் குழிகிட்ட வந்து நிக்கணும். நனையணும். வூட்டுக்குள்ள ஒக்காந்துகிட்டு இல்லன்னு சொல்லக்கூடாது. வரலன்னா பூட்ட ஒடச்சிக்கலாம்."

"யாரோடும் சண்டை இல்லாதவர் இருந்தால்?"

"ஒருத்தர் இருந்தாரு. எல்லார்ட்டயும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவாரு. பெரிய தலைவலி. கடைசில சாவிய அவரு சம்சாரத்துக்கிட்ட குடுத்தோம். இன்ன வரைக்கும் ஒரு தப்பு நடக்கல."

அடுத்த கொல்லையில் (தோட்டத்தை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள்) லூர்துமேரி இருந்தார். அந்தோணிக்குத் தூரத்து உறவில் அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, கணவருக்குத் திருப்பூரில் வேலை. இரண்டு ஏக்கரில் இருந்த பழைய மரங்களைப் புயல் சாய்த்துவிட, புதிதாக ஒட்டுக்கன்று வைத்திருந்தார். முழங்கால் உயரம். ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த இலைகளைப் பரப்பியிருந்தார்.

"ஐப்பசி கார்த்திகைல பேயவேண்டிய மழ பேயல சார். மோட்டாரப் போட்டா கால் மணி நேரம் தண்ணி, அப்பறம் காத்து. இந்தக் கோடைய மட்டும் தாண்டிட்டா கன்னு பொழச்சிக்கும். குழிக்கு ஒரு நல்ல தண்ணி வந்தாப் போதும், போர் கொஞ்சம் தாங்கும்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்திருந்தது.

தை மாதத்தில் மழையா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. அந்தோணி ஆட்டோவுக்கு ஓடினார். லூர்துமேரி குழிப் பக்கம் ஓட, நானும் குடையோடு பின்னால் போனேன். எங்களுக்கு முன்பே ஒருவர் அங்கே நின்றிருந்தார், தலையில் உரச்சாக்கு, கையில் சாவி. மேல் கொல்லைக்காரர் கலியபெருமாள். இவர்கள் இருவருக்கும் நடுவே வரப்பில் ஒரு முந்திரி மரம், அதன் கிளை இந்தப் பக்கம், கொட்டை யாருக்கு என்று தொடங்கிய சண்டை. பேச்சு நின்று ஆறு வருடமாம்.

"சார், அந்தாள்ட்ட ஷட்டரத் தொறக்கச் சொல்லுங்க," என்றார் லூர்துமேரி.

"சார், மொத மழ ஆவாதுன்னு அவங்கள்ட்ட சொல்லுங்க. முந்தாநாளுதான் மேல மருந்து அடிச்சேன். எங்கொல்லத் தண்ணி பூரா இங்கதான் வருது."

அவர்களுக்கு நடுவே இரண்டு முழம் இடைவெளி. அதில் நான்.

"மானத்துல மேகத்த வச்சிக்கிட்டு எவனாவது மருந்து அடிப்பானா, கேளுங்க."

"டிவில மழ இல்லன்னு சொன்னான்னு சொல்லுங்க."

"டிவி சொன்னாக் கெணத்துல குதிப்பாரான்னு கேளுங்க."

"கெணத்துல தண்ணி இருந்தாக் குதிப்பேன்னு சொல்லுங்க."

ஷட்டரில் முட்டிய செந்நீர் திரும்பி ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. லூர்துமேரி அதையே பார்த்தார். ஒரு கோடைக்கான தண்ணீர் கண்முன்னே போகிறது. அவர் குரல் மாறிவிட்டது. "வேணும்னே செய்றாரு சார். என் கன்னு சாவட்டும்னு நிக்கிறாரு. இந்த மழய வுட்டா இனி ஆடிக்குத்தான."

கலியபெருமாள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். சாக்கு ஊறித் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் நகரவில்லை. உண்மை சொல்கிறாரா, பழி தீர்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். நுரை இருந்தது, ஆனால் முதல் வெள்ளத்தில் நுரை எங்கும் இருக்கும். வாடை வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. என் இடத்தில் யார் நின்றிருந்தாலும் பூட்டைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள். நான் வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் லூர்துமேரி வாய்க்காலில் கைவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்துக் கையை உதறிப் புடவையில் துடைத்துக்கொண்டார். விறுவிறுவென்று மேட்டில் ஏற ஆரம்பித்தார்.

சண்டை முற்றப் போகிறது என்று பயந்து நானும் ஏறினேன். வழுக்கிற்று. மேல் கொல்லையின் உச்சியில் கலியபெருமாளின் குழி. அதற்கு வரும் வாய்க்கால் அவர் தோட்டத்திலிருந்து வருவதல்ல, அதற்கும் மேலே உள்ள புறம்போக்குப் புதர்க்காட்டிலிருந்து வருவது. அங்கே மருந்து அடிக்க ஆள் இல்லை. அந்த ஷட்டரிலும் பூட்டு. லூர்துமேரி புடவை முந்தி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சாவி. அவர் சாவி இவரிடம், இவர் சாவி அவரிடம்.

"கொட்டைக்கு அடிச்சிக்கிட்ட ஆளு... வாயப் பாரு, கெணத்துல குதிப்பாராம்... போய்க் குதிக்கட்டும்," என்று முணுமுணுத்தபடியே ஓடிவந்த தண்ணீரையும் ஒரு கை அள்ளிப் பார்த்தார். மண் கொஞ்சம் தெளியும்வரை நின்றார். பிறகு பூட்டைத் திறந்து தகட்டை மேலே தூக்கினார். தண்ணீர் குழிக்குள் பாய்ந்து, மணலில் சுழன்று, அடங்கி, இறங்கியது. ஆழத்தில் எங்கோ அது விழும் ஓசை குழாய் வழியாக மேலே கேட்டது. வரைபடங்களில் ஓசை கிடையாது. நான் குடையை மடக்கிவிட்டு நின்று கேட்டேன்.

"உங்க குழிக்கு ஒரு சொட்டு இறங்கல. அவருக்குத் திறந்து விடுறீங்களே அம்மா?"

என்னை அவர் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்துவிட்டது. "இங்க எறங்குற தண்ணி அந்தாளு வேலி வரைக்கும் போயி நின்னுக்கும்னு நெனச்சீங்களா? படிச்சவருன்னான் அந்தோணி."

இந்த மேட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். கடலோரத்தில் ஒரு வீட்டில், ஒரு குழாயில், என்றோ ஒருநாள்.

மழை முக்கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. கீழ்க் குழி அருகே கலியபெருமாள் இன்னும் நின்றிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் தெளிந்திருந்தது, ஆனால் ஓட்டம் நூலாக மெலிந்துவிட்டது. அப்போது பூட்டைத் திறந்தார். தகட்டைத் தூக்கியதும் ஒரு வாளி அளவுக்கு உள்ளே போயிருக்கும். லூர்துமேரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஈரப் புடவையோடு கன்றுகளுக்கு நடுவே போய், கலைந்த இலைகளை மறுபடி வேர்மேல் ஒதுக்கிவிட ஆரம்பித்தார். மேல்மண் நனைந்திருந்தது. செம்மண்ணில் அந்த ஈரம் நாலு நாளைக்குக் காணாது.

அன்று ஜெயங்கொண்டத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். எழுநூறு ரூபாய், மின்விசிறி நன்றாகச் சுற்றியது. ஈரச் சட்டையைக் காயப்போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பேச்சில்லாத மனிதர்கள் கணிசமாக உண்டு. அவர்களை வைத்து நான் இதுவரை ஒரு குடம் தண்ணீரைக்கூடக் காப்பாற்றியதில்லை. அந்த ஊரும் எங்கள் ஊரைப் போலத்தான், அதே பொறாமை, அதே வரப்புச் சண்டை. மனிதர்கள் திருந்தட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சண்டை இருக்கிறது, இருக்கட்டும், அதற்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எதையும் எளிதில் பாராட்டுகிற ஆள் இல்லை நான். இதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சிதம்பரத்திலிருந்து வருபவர்கள் காட்டுமன்னார்கோயில் வழியாக ஜெயங்கொண்டத்துக்கு நேரடி பஸ் பிடிக்கலாம், சுமார் அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் கொல்லைகளுக்குள் போக ஆட்டோ வேண்டும். பூப்பருவத்தில் போனால் தோட்டத்துக்காரரைக் கேட்காமல் மரத்தடியில் நடக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். குடிநீர் எடுத்துப் போங்கள். பூட்டைப் படம் எடுத்து ஊர்ப் பெயரோடு போடாதீர்கள். யார் சாவி யாரிடம் என்பது வெளியே பரவினால், யாருக்கு யாரோடு ஆகாது என்பதும் பரவும். பெண் பார்க்கிற வீடுகள் அந்த ஊரில் நிறைய.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஆழத்து நீர் வற்றாது, அது எங்கிருந்தோ வருகிறது என்று எங்கள் ஊரில் தெம்பாகச் சொல்வார்கள். வருவது உண்மைதான். அது எங்கிருந்து வருகிறது, யார் நனைந்துகொண்டு நின்று அதைக் கீழே அனுப்புகிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மோட்டார் சுவிட்சைத் தொடுங்கள்.

காலை எட்டு மணிக்கு அந்தோணியின் ஆட்டோவில் மறுபடி அங்கே போனேன். மழைக்குப் பின் குழிகளைப் பார்த்துவிட்டுப் பத்தரை மணி சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று திட்டம். வரப்பு மரத்தின் கிளை மேலாக ஒரு பச்சை ஓஸ் பைப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனை மேல் கொல்லையில், கலியபெருமாளின் மோட்டார் கொட்டகையில். மறுமுனை லூர்துமேரியின் கையில். கன்று கன்றாக நகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் விட்டு விரலால் அடைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போனார். மேலே கொட்டகை வாசலில் கலியபெருமாள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"காலைல வந்து பாத்தா இது கெடக்கு சார்," என்றார் லூர்துமேரி. "நல்ல வேளை நீங்க வந்தீங்க. அந்தாள்ட்ட போயிச் சொல்லுங்க. பைப்புல மூணு எடத்துல ஓட்டை, தண்ணி வீணாப் போவுது. ஒழுங்கான பைப்பு இல்லன்னா எதுக்கு இந்தப் பெருந்தன்ம?"

நான் மேட்டில் ஏறிச் சொன்னேன். கலியபெருமாள் திரும்பாமலே, "ஓட்டை மூணும் அவங்க பக்கம்தான இருக்கு. அந்தத் தண்ணியும் அங்கதான எறங்குதுன்னு சொல்லுங்க," என்றார்.

இறங்கி வந்து சொன்னேன். லூர்துமேரி பதிலுக்கு எதுவோ சொல்ல வாயெடுத்து, குனிந்து பைப்பை அடுத்த கன்றுக்கு இழுத்துக்கொண்டார். இன்னும் பாதிக் கொல்லை பாக்கி இருந்தது.

"இந்த வரிசை முடியற வரைக்கும் மோட்டார நிறுத்த வேணாம்னு சொல்லுங்க சார்."

நான் மறுபடி மேட்டில் ஏறினேன். பத்தரை மணி பஸ் போய்விட்டது.